ஒன்பதாவது ஆட்டத்தில் நின்ற பெட்டி

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு மார்ச் மாசக் கடைசியில் நடந்தது இது. இடம், திருவொற்றியூரில் நான் இயற்பியல் பாடம் எடுக்கும் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப். ஜன்னலைத் திறந்தால் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பது தெரியும். அதற்கு அந்தப் பக்கம் கடல். ஆனால் ஜன்னலை யாரும் திறப்பதில்லை. உப்புக் காற்று உள்ளே வந்தால் நாற்காலிக் கால், ஸ்க்ரூ, என் குடைக் கம்பி என்று ஒன்றையும் விடாமல் துரு ஏற்றிவிடும்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எனக்குக் கொஞ்சம் சந்தேக புத்தி. பிறவிக் குணமா, வாத்தியார் வேலைக்கு வந்த பிறகு ஒட்டிக்கொண்டதா தெரியாது. அதற்கு முந்தின வருஷம் ஒரு மாணவன் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து, புரோகிராம் ஓடுகிறது பாருங்கள் என்று காட்டினான். நானும் ஆஹா ஓஹோ என்று பாராட்டி மார்க்கை அள்ளிப் போட்டேன். அவன் காட்டியது எங்கிருந்தோ எடுத்த வீடியோ என்று அப்புறம்தான் தெரிந்தது. ஒரு மாசம் ஸ்டாஃப் ரூமில் என் தலைதான் உருண்டது. அன்றைக்கே ஒரு சட்டம் போட்டேன். இனிமேல் யாருடைய புராஜெக்டாக இருந்தாலும் லேப் மெஷினில், என் கண் முன்னால் ஓட வேண்டும். வீட்டு லேப்டாப் கூடாது. வைரஸ் வரும் என்பதால் பென் டிரைவும் கூடாது.

இந்தச் சட்டத்தில் வந்து மாட்டிக்கொண்டவள் எம்.எஸ்சி. கடைசி வருஷம் படித்த ஒரு பெண். கொருக்குப்பேட்டையிலிருந்து ரயிலில் வருவாள். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் அதிசயம். அவளுடைய அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. கிரேன் தூக்கிவந்து இறக்கும் கன்டெய்னர் பெட்டிகள் நகராதபடி பூட்டுப் போடுகிற வேலை. கிரேன் சட்டென்று நின்றால், கயிற்றில் தொங்கும் பெட்டி முன்னும் பின்னும் ஆடும். ஆட்டம் அடங்கும்வரை அவர் ஒதுங்கி நிற்க வேண்டும். அவசரப்பட்டுப் பக்கத்தில் போனால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

அந்த ஆட்டத்தைத்தான் அவள் புராஜெக்டாக எடுத்தாள். பெட்டி எத்தனை முறை ஆடி நிற்கும், கிரேனை எப்படி நிறுத்தினால் சீக்கிரம் நிற்கும் என்று கம்ப்யூட்டரில் செய்து காட்டுவது. எண்ணூர்ப் பக்கம் கிரேன் ஓட்டப் பயிற்சி கொடுக்கும் ஓரிடத்தில் அவளுக்கு வேலையும் கிடைத்திருந்தது. ஜூன் மாசம் டிகிரி முடித்துவிட்டு வந்து சேர வேண்டும் என்பது நிபந்தனை. புராஜெக்ட் நின்றுபோனால் டிகிரி ஆறு மாசம் தள்ளிப்போகும். அந்த வேலை அதுவரை காத்திருக்காது.

இதற்குப் பைதானில் எழுதிய, இலவசமாகக் கிடைக்கும் ஒரு இயற்பியல் லைப்ரரி தேவைப்பட்டது. லைப்ரரி என்றால் புத்தகம் இல்லை. விழுவது, மோதுவது, ஆடுவது எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டுத் தரும் தயார் புரோகிராம்களின் மூட்டை. வெளியே பைதான், உள்ளே வேகத்துக்காக சி பிளஸ் பிளஸ். உள்ளே இருப்பதை அந்தந்த மெஷினுக்குப் புரியும் பாஷைக்கு மாற்ற வேண்டும். அதைத்தான் கம்பைல் செய்வது என்கிறோம். பெரும்பாலானவர்களுக்குக் கம்பைல் செய்த சரக்கே ரெடியாகக் கிடைத்துவிடும். இவளுக்கு அது உதவாது. ஏனென்றால் லைப்ரரியில் கயிறு என்பது கம்பி மாதிரி விறைப்பாக இருந்தது. நிஜக் கயிறு கொஞ்சம் நீளும், ஆட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். அந்தப் பகுதியை அவள் தானே மாற்றி எழுதினாள். மாற்றி எழுதினால் நாமே கம்பைல் செய்தாக வேண்டும்.

எனக்கு இந்த மாதிரி வேலை என்றால் ஒரு கிறுக்கு. ஒரே லைப்ரரி மூன்று வகை மெஷினில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க ஆசை வந்துவிட்டது. ஒரு சனி, ஞாயிறு முழுக்க அதிலேயே கிடந்தேன். என் விண்டோஸ் லேப்டாப், முதலில் கம்பைலர் எங்கே என்று கேட்டது. அதை இறக்குவதற்குள் சாம்பார் கொதித்து அடிப்பிடித்துவிட்டது. இறக்கி முடித்தால், ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வைத்ததில் பாதை ரொம்ப நீளம் என்று நின்றது. மொத்தத்தையும் தூக்கி வெளியே வைத்த பிறகு ஓடியது. அடுத்தது என் கணவரின் ஆபீஸ் மேக். அது எதற்கெடுத்தாலும் அனுமதி கேட்டது. பாஸ்வேர்டு போட்டுப் போட்டு அவருக்கே அலுத்துப்போய், இது ஆபீஸ் மெஷின், ஞாபகம் இருக்கட்டும் என்றார். ஆனால் ஆரம்பித்த பிறகு சத்தமே இல்லாமல் முடித்தது. இரண்டுக்கும் ஒரே லைப்ரரி, ஒரே கணக்கு. நடைதான் வேறு வேறு. எனக்கு அதைப் பார்ப்பதில் அப்படி ஒரு சந்தோஷம்.

திங்கட்கிழமை லேப் மெஷின். மூலையில் இருக்கும் பழைய லினக்ஸ் மெஷின் அது. விண்டோஸ் போட்டால் தவழும் என்பதால் லினக்ஸ் போட்டிருந்தோம். இன்டர்நெட் கம்பியின் முனை உப்பில் பச்சை பூத்துப் போனதால் அதற்கு நெட் கிடையாது. என் போனிலிருந்து நெட் கொடுத்து லைப்ரரியை இறக்கப் பார்த்தால், அந்த வெப்சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று மறுத்தது. அரை மணி நேரம் மண்டையைக் குடைந்த பிறகு திரையின் மூலையில் பார்த்தேன். மெஷினில் தேதி பதினைந்து வருஷம் பின்னால் நின்றது. இன்றைய சான்றிதழை அன்றைய மெஷின் எப்படி ஏற்கும்? தேதியைச் சரியாக வைத்தேன். உடனே இறக்கியது. அந்தக் கிழட்டு மெஷின் நாற்பது நிமிஷம் மூச்சு வாங்கிக் கம்பைல் செய்து முடித்தது. நான் ஏதோ சாதித்த மாதிரி டீ குடிக்கப் போனேன். தேதி ஏன் பின்னால் இருந்தது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இந்தக் கட்டுரையே எழுதவேண்டி வந்திருக்காது.

எங்கள் லேபில் ஒரு பழக்கம். சாயந்தரம் நாலரைக்கு உதவியாளர் அக்கா மெயின் ஸ்விட்சையே இறக்கிவிடுவார். உப்பு ஈரத்தில் ஒருமுறை பிளக் பொறி தட்டியதிலிருந்து அப்படி. அக்காவுக்கு என் வயதுதான் இருக்கும், காசிமேட்டுக்காரர். யார் சொன்னாலும் அந்த ஸ்விட்சை இறக்காமல் பூட்ட மாட்டார்.

அடுத்த நாளிலிருந்து அந்தப் பெண் மூலை மெஷினில் உட்கார்ந்தாள். பென் டிரைவ் கூடாதே, அதனால் வீட்டில் எழுதிச் சரிபார்த்ததையெல்லாம் நோட்டில் எழுதிவந்து, பார்த்துப் பார்த்து மறுபடி டைப் செய்வாள். டைப் செய்து, கம்பைல் செய்யச் சொல்லி, ஓட்டிக் காட்டுவாள். திரையில் பெட்டி ஆடும். ஆடிக்கொண்டே இருக்கும். பத்து, இருபது, ஐம்பது. நிற்கவே நிற்காது.

"வூட்ல நிக்குது மிஸ்," என்றாள். "ஒன்பதாவது ஆட்டத்துல நிக்குது. நைனாவும் ஒன்பதுன்னுதான் சொல்றாரு."

நைனா என்றால் அவளுடைய அப்பா. துறைமுகத்தில் நிஜப் பெட்டியின் ஆட்டத்தை நின்று எண்ணிச் சொல்லியிருக்கிறார். கிரேன் சட்டென்று நின்றால் ஒன்பது ஆட்டம், பிறகு பூட்டுப் போடலாம்.

வீட்டில் ஓடுகிறது என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அந்த வீடியோப் பையன் முகம்தான் கண் முன்னால் வந்தது. நீயும் ஆரம்பித்துவிட்டாயா என்று நினைத்துக்கொண்டேன். அவள் நோட்டை வாங்கி, ஒன்பது என்று எழுதியிருந்த இடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டு, 'ஆதாரம்?' என்று எழுதினேன். மறுபடி செய்து கொண்டுவந்தாள். மறுபடி பெட்டி நிற்கவில்லை. மறுபடி சிவப்புக் கோடு. ஒருநாள் தயங்கித் தயங்கி, "மிஸ், இங்க கம்பைல் ரொம்ப சீக்கிரமா முடிஞ்சிடுது மிஸ்," என்றாள். நான் சுத்தமாக இன்ஸ்டால் செய்திருக்கிறேன், அதனால்தான் என்று பெருமையாகச் சொன்னேன். என் மடத்தனத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்னொரு சாட்சியும் இருந்தது. அதே வாரத்தில் உதவியாளர் அக்கா என்னிடம் வந்து, "மேடம், அந்த மூல மிசினு தெனம் காலீல ஆன் பண்ணா, ஃப்யூச்சர்னு இன்னாவோ எழுதிகினு நிக்குது. என்டர் தட்டுனாத்தான் மேல போவுது. ஒரு தபா பாக்குறீங்களா?" என்றார்.

"தட்டிட்டுப் போங்கக்கா, பழைய மெஷின்னா அப்படித்தான்," என்றேன் நான், விடைத்தாளிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல்.

பத்து நாள் இப்படியே போனது. வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு பேராசிரியை வரவேண்டிய நாளும் நெருங்கியது. நான் துறைத் தலைவரிடம் போய், இந்தப் பெண்ணின் முடிவுகள் சரிபார்க்கப்படவில்லை, இந்த முறை அவளை அனுப்பவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதை அவளிடமும் சொன்னேன். அவள் அழவில்லை, கோபப்படவுமில்லை. நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு தபா வூட்டுக்கு வந்து பாருங்க மிஸ்," என்றாள். "அதுக்கப்புறம் நீங்க இன்னா சொன்னாலும் சரி."

ஏன் போனேன் என்று கேட்டால், இரக்கத்தால் என்று சொல்ல மாட்டேன். பொய் சொல்கிறவள் யாரையும் வீட்டுக்குக் கூப்பிட மாட்டாள். அது எனக்கு உறுத்தியது. அங்கே என்னதான் ஓடுகிறது என்று பார்க்கும் ஆசையும் இருந்தது. சனிக்கிழமை காலை ஆட்டோவில் கிளம்பினேன். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி போய், திறப்பார்கள் என்று பார்த்தால் எதிர்ப்பக்கம் இன்னொன்று. கேட்டுக்கு அந்தப் பக்கம் அவள் குடையோடு நின்றுகொண்டிருந்தாள். இருபது நிமிஷம் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வீடு, மூன்றாவது மாடியில் குடியிருப்பு வாரியத்தின் ஒற்றை அறை. அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு கம்ப்யூட்டர். திரை ஒரு கடையிலிருந்து, சிபியூ இன்னொரு கடையிலிருந்து வந்த பழைய சாமான் என்று பார்த்தாலே தெரிந்தது. அதுவும் லினக்ஸ்தான். எங்கள் லேபில் இருக்கும் அதே வகை, அதே லைப்ரரி. அவள் ஓட்டினாள். பெட்டி ஆடியது. நான் வாய்க்குள் எண்ணினேன். ஒன்பதாவது ஆட்டத்தில் அடங்கி நின்றது.

வீடியோவாக இருக்கலாமே என்று என் புத்தி அப்போதும் விடவில்லை. "கயிறு நீளுற அளவை மாத்து, என் கண்ணு முன்னாடி மாத்தி ஓட்டு," என்றேன். அவள் மாற்றினாள், கம்பைல் செய்யச் சொன்னாள். திரையில் வரிகள் ஓட ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு, பத்து, இருபது. அவளுடைய அம்மா டீ போட்டு எடுத்துவந்தார். நான் குடித்து முடித்தேன். வரிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன.

"எப்பவும் இவ்வளவு நேரமா ஆகும்?" என்று கேட்டேன்.

"ஆமா மிஸ். கயிறு ஃபைல நம்பிகினு முப்பது ஃபைலு கீது. அத்த மாத்துனா எல்லாம் மறுபடி கம்பைல் ஆவணும். பத்து நிமிஷமாவது ஆவும்."

எனக்கு அங்கேயே ஏதோ தட்டியது. அவளுடைய ஒட்டுப்போட்ட மெஷினுக்குப் பத்து நிமிஷம் ஆகிற வேலையை, அதைவிடக் கிழடான எங்கள் லேப் மெஷின் எப்படிக் கண் சிமிட்டும் நேரத்தில் முடித்தது?

வரிகள் முடிந்து ஓட்டியபோது பெட்டி வேறு எண்ணிக்கையில் நின்றது; வீடியோ இல்லை. அதற்குள் இரவு ஷிப்ட் முடித்து அவளுடைய அப்பா வந்தார். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த ஹெல்மெட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். வாங்க மிஸ் என்றார். உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார்.

"மிஸ், தப்பா நெனச்சுக்காதீங்க. பொண்ணு பத்து நாளா என்னிய கேட்டுகினே கீது. நல்லா எண்ணுனியா நைனா, நல்லா எண்ணுனியா நைனான்னு. நானும் தெனம் நின்னு எண்ணிகினுதான் கீறேன். ஒன்பதாவது ஆட்டத்துலதான் நிக்குது." ஹெல்மெட்டைக் கட்டில் ஓரத்தில் வைத்தார். "ஒன்பது தப்பா மிஸ்?"

மேஜை மேல் அவள் நோட்டு திறந்து கிடந்தது. பக்கத்துக்குப் பக்கம் ஒன்பது, ஒன்பதின் மேல் என் சிவப்புக் கோடு. கடைசி இரண்டு பக்கத்தில் என் கோடுகூட இல்லை, அவளே பேனாவால் ஒன்பதை அடித்துவிட்டு அதன் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தாள். திங்கட்கிழமை பார்த்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கே லேபுக்குப் போய்விட்டேன். அக்கா அப்போதுதான் மெயின் ஸ்விட்சை ஏற்றினார். மூலை மெஷினை நானே ஆன் செய்தேன். அக்கா சொன்னது அப்படியே நடந்தது. இந்த டிஸ்க்கில் கடைசியாக எழுதிய நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டிவிட்டு நின்றது. என்டர் தட்டினேன். திரையின் மூலையில் தேதியைப் பார்த்தேன். ஜனவரி ஒன்று. வருஷம், மறுபடி பதினைந்து வருஷம் பின்னால்.

"நான் அன்னிக்கே சொன்னேன்ல மேடம்," என்றார் அக்கா. குத்திக்காட்டும் குரல் இல்லை. துடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். "அது தெனமும் ஜனவரி ஒண்ணுதான் காட்டும்."

தினமும் ஜனவரி ஒன்று. எல்லாம் மளமளவென்று விளங்கிவிட்டது. கரன்ட் இல்லாத நேரத்தில் தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ள மெஷினுக்குள் பொட்டு அளவில் ஒரு பேட்டரி இருக்கும். அது செத்துப்போயிருக்கிறது. சாயந்தரம் மெயின் இறங்கியதும் மெஷின் தேதியை மறந்துவிடும். காலையில் எழுந்து ஜனவரி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும்.

அதனால் கம்பைலுக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். கம்பைல் செய்யும் கருவி கொஞ்சம் சோம்பேறி. மாறாத ஃபைலைத் தொடாது. மாறியிருக்கிறதா என்று எப்படிப் பார்க்கும்? உள்ளே படித்துப் பார்க்காது, தேதியைப் பார்க்கும். கம்பைல் செய்து வைத்ததைவிட நாம் எழுதிய மூல ஃபைல் புதுசாக இருந்தால் மறுபடி செய்யும், பழசாக இருந்தால் விட்டுவிடும். நான் அந்த முதல் திங்கட்கிழமை தேதியைச் சரியாக வைத்துக் கம்பைல் செய்தேன். ஆகவே கம்பைல் ஆனது இந்த வருஷத் தேதியில் இருந்தது. அந்தப் பெண் அதற்குப் பிறகு உட்கார்ந்து மாற்றியதெல்லாம் பதினைந்து வருஷத்துக்கு முந்தின ஜனவரி ஒன்றாம் தேதியில் பதிவானது. அந்தத் தேதியில் அவள் இரண்டாம் வகுப்பு படித்திருப்பாள். கருவி தேதியைப் பார்த்துவிட்டு, எல்லாம் புதுசாகத்தான் இருக்கிறது, செய்ய ஒன்றுமில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு உட்கார்ந்துகொண்டது. தினமும் அந்த வரி என் கண் முன்னால் வந்தது. நான்தான் அதை வேலை முடிந்தது என்று படித்தேன்.

அவளுடைய கயிறு அந்த மெஷினுக்குள் ஒருநாள்கூட நுழையவில்லை. ஆடிக்கொண்டே இருந்தது லைப்ரரியின் பழைய விறைப்புக் கயிறு. நான் தேதியைத் தொடாமல் விட்டிருந்தாலாவது, லைப்ரரி இறங்காமல் கோளாறு அன்றைக்கே தெரிந்திருக்கும். சரி செய்கிறேன் என்று பாதியில் சரி செய்து, யாரிடமும் சொல்லாமல், பள்ளம் தோண்டி வைத்தது நான்.

பள்ளத்தில் தள்ளிவிட்டு, ஏன் விழுந்தாய் என்று கேட்டதும் நான்தான். பத்து மணிக்கு அவள் வந்ததும் மூலைக்குக் கூட்டிப்போய்த் தேதியைக் காட்டினேன். ஃபைல்களின் தேதிகளையும் காட்டினேன். பார்த்த உடனே அவளுக்குப் புரிந்துவிட்டது. "தப்பு என்னுதுமா, என்னை மன்னிச்சிடு," என்றேன். அவள் திரையிலிருந்த தேதியை விரலால் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சிரித்தாள்.

"இவ்ளோ நாளா நான் ஒரே ஒரு நாள்லதான் வேல செஞ்சுகினு இருந்திருக்கேன் மிஸ்," என்றாள்.

துறைத் தலைவரிடம் போவதுதான் கஷ்டமாக இருந்தது. "நீங்கதானே மேடம் அனுப்பவேண்டாம்னு சொன்னீங்க, இப்ப நீங்களே வந்து நிக்கிறீங்களே," என்றார். ஆமாம், நான்தான் சொன்னேன், தப்பாகச் சொன்னேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஸ்டேஷன் பக்கத்து வாட்ச் ரிப்பேர்க் கடையில் பேட்டரி வாங்கி வந்தேன். மெஷினைத் திறந்து பார்த்தால் பழைய பேட்டரியைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அக்கா ஒரு பழைய பிரஷ்ஷால் அதைச் சுத்தமாகத் துடைத்துக் கொடுத்தார். தேதியை வைத்தோம். கயிறு ஃபைலைத் திறந்து, ஒன்றும் மாற்றாமல் மறுபடி சேமித்தாள். அதன் தேதி இன்றைக்கு வந்தது. கம்பைல் செய்யச் சொன்னாள். வரிகள் ஓட ஆரம்பித்தன. அந்த ஓட்டத்தை அவ்வளவு ஆசையாக நான் என்றைக்கும் பார்த்ததில்லை.

புதன்கிழமை வெளியிலிருந்து பேராசிரியை வந்தார். கண்டிப்பானவர் என்று பெயர். நான் முதலிலேயே நடந்ததையெல்லாம் அவரிடம் சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. நேராக அந்தப் பெண்ணிடம் திரும்பி, "உங்க கயிறுதான் ஓடுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். வெகு நாளாக நான் கேட்ட அதே கேள்விதான். ஆனால் அவர் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார்.

அவள் கயிற்றை லைப்ரரியின் பழைய விறைப்புக் கயிறாக மாற்றிக் கம்பைல் செய்து ஓட்டினாள். பெட்டி நிற்காமல் ஆடியது. பிறகு தன் கயிற்றைத் திரும்பப் போட்டாள். மறுபடி கம்பைல். இரண்டு தடவையும் அந்த மெஷின் எடுத்துக்கொண்ட நேரத்தில், கிரேன் எங்கே நிற்கிறது, அப்பா எங்கே ஒதுங்கி நிற்பார், ஏன் எண்ணுவார் என்று நோட்டில் படம் போட்டுச் சொன்னாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. கடைசியில் ஓட்டினாள். பெட்டி ஆட ஆரம்பித்தது. பேராசிரியை விரலால் மேஜையில் தட்டி எண்ணினார். துடைக்கும் துணியோடு வாசலில் நின்ற அக்கா வாயசைத்து எண்ணினார். நானும் எண்ணினேன். ஏழு. எட்டு. ஒன்பது. நின்றது.

பேராசிரியை மார்க் தாளில் குனிந்தார். அவள் வெளியே போய், தாழ்வாரத்துச் சுவரோரம் திரும்பி நின்று போன் செய்தாள். கதவு திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது.

"நைனா, ஒன்பதுதான்," என்றாள். "மிஸ்ஸும் எண்ணுனாங்க."

ஜூனில் அவள் அந்த வேலையில் சேர்ந்தாள். லேப் சட்டத்தை நான் எடுத்துவிடவில்லை, ஆனால் கீழே ஒரு வரி சேர்த்தேன். வீட்டில் ஓடுகிறது என்று யாராவது சொன்னால், வீட்டுக்கும் லேபுக்கும் என்ன வித்தியாசம் என்று இரண்டு பேரும் சேர்ந்து தேட வேண்டும், அதற்குப் பிறகுதான் சிவப்பு மை. காலையில் மெஷின் என்ன சொல்கிறது என்று அக்காவிடம் கேட்காமல் வகுப்புக்குப் போவதில்லை. தேதியைச் சரி செய்ய ஒரு சின்ன பேட்டரி போதுமாக இருந்தது. ஆனால் நான் ஒருத்தி நம்பாததால், தினம் தினம் கண்ணால் பார்த்துத் தெரிந்துவைத்திருந்த ஒரு மனிதர் பத்து நாள் ஆடும் பெட்டிக்கு எதிரில் நின்று தன்னையே சந்தேகப்பட்டு மறுபடி மறுபடி எண்ணினாரே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிவப்புப் பேனாவை எடுக்கக் கை வருவதில்லை.